அடுப்படியைப் புதுப்பிக்கும்போது: விறகா, கேஸா, கரண்டா?

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு அடுப்படியின் ஓடு சரிந்தது. கூரைக்குக் கீழே இருந்த பழைய கொடி அடுப்பு, அதாவது இரண்டு கண் மண் விறகடுப்பு, மூன்று நாள் நனைந்து, நான்காம் நாள் கை வைத்ததும் கரைந்து விழுந்தது. மழை விட்டதும் வந்த கொத்தனார் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஆச்சி, அடுப்பு எங்கே, என்ன அடுப்பு? அதைச் சொன்னாத்தான் மேடை, சன்னல் எல்லாத்துக்கும் அளவு எடுக்கலாம்."

பதில் சொல்ல எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆத்தாவுக்கு விறகடுப்பு இல்லாத அடுப்படி அடுப்படியே இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கு கேஸும் ஒரு இண்டக்சன் அடுப்பும் போதும். தினமும் மூன்று வேளை அங்கே நிற்கப்போவது நான். காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இப்போது கூரை மாற்றுகிறார்கள், பின்கட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால், நாங்கள் அலசிப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஆத்தாவின் பக்கம். அவள் சொல்வது வெறும் பழக்கத்தில் வந்த பிடிவாதம் இல்லை. செட்டிநாட்டு வீட்டில் அடுப்பு என்பது குடும்பத்தின் கணக்கு. கல்யாணமான பிள்ளையை 'வேறு வைக்கும்' வழக்கம் நகரத்தார் வீடுகளில் உண்டு. வீடு ஒன்றுதான், வளவு ஒன்றுதான். ஆனால் புதுத் தம்பதிக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்துத் தனியாக உலை வைக்கச் சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். எங்கள் இரண்டாங்கட்டுச் சுவரில் வரிசையாக ஐந்து கரிப்படலம் இன்னும் தெரியும். ஐந்து புள்ளி, ஐந்து அடுப்பு. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. ஆத்தா கல்யாணமாகி வந்து தன் முதல் உலையை வைத்தது மூன்றாவது கரிப்படலத்துக்குக் கீழே. அந்த இடத்தைக் காட்டித்தான் பேசுகிறாள்.

இனி அந்த அடுப்பு செய்யும் வேலை. கொடி அடுப்பில் விறகு வைக்கும் வாய் ஒன்று, பாத்திரம் ஏறும் கண் இரண்டு. பெரிய கண்ணில் சுவாலை நேராகத் தாக்கும். அதிலிருந்து உள்ளே ஒரு துளை வழியாகச் சூடு பக்கத்துக் கொடிக்குப் போகும். பெரிய கண்ணில் சோறு கொதிக்கும்போதே கொடியில் குழம்பு வற்றும், பருப்பு வேகும், அப்புறம் பால் காயும். தனியாக ஒரு சுள்ளி கூட வேண்டாம். கண்ணைச் சுற்றி மூன்று குமிழ் வைத்திருப்பது பாத்திரம் ஆடாமல் உட்காரவும், நெருப்புக்கு மூச்சு விடவும்.

வெள்ளைப் பணியாரம் சுடும்போது ஆத்தாவின் கையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கூடுதலாகக் காய்ந்தால் பணியாரம் சிவந்துபோகும், காயாவிட்டால் எண்ணெய் குடிக்கும். அவள் எண்ணெயைப் பார்ப்பதே இல்லை, காதால்தான் கேட்கிறாள். மாவு விழுந்ததும் வரும் சத்தம் கொஞ்சம் கடுத்தால் இடது காலால் ஒரு விறகைப் பின்னுக்குத் தள்ளுவாள். சத்தம் அடங்கினால் அதே விறகை இரண்டு விரற்கடை உள்ளே நகர்த்துவாள். கையில் கரண்டி அப்படியே இருக்கும். கும்மாயம் என்ற இனிப்பைக் கிளறுவதும் அப்படித்தான்: முதலில் சுவாலை, மாவு கெட்டிப்படும் நேரத்தில் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் நெய் விட்டு விட்டுக் கிளறுவாள். கடைசியில் அந்தத் தணலும் வீணாகாது. இரவு உறைக்கு வைக்கும் பால் அதன்மேல்தான் ஆடை கட்டும்.

கேஸில் இதெல்லாம் முடியாதா? முடியும். நானே செய்கிறேன். ஆனால் அண்டாவில் நாற்பது பேருக்குக் கறி வேகவைக்கும்போது, கனமான பாத்திரத்தின் அடி முழுவதும் பரவும் விறகுச் சூட்டை வீட்டுக் கேஸ் அடுப்பின் வளையத்தால் தர முடியாது. விசேஷத்துக்கு வரும் சமையல்காரர்கள் இன்றும் பின்கட்டில் பெரிய பாத்திரம் ஏறும் கோட்டை அடுப்பு போடச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, இப்போது நான் மனம் நொந்து சொல்ல வேண்டிய பக்கம்.

ஆத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மார்கழி வந்தால் இருமல் மாசி வரை போகாது. அவளுக்கு வந்தது அடுப்பால்தான் என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விறகுப் புகைக்கும் நுரையீரல் அடைப்பு நோய்க்கும், கண்புரைக்கும், குழந்தைகளின் நிமோனியாவுக்கும் தொடர்பு உண்டு என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமில்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறப்பதாக 2020-ஆம் ஆண்டை வைத்து உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இது எங்கோ நடக்கும் கதையும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளுக்குள் கருவி வைத்துப் பல ஆண்டுகளாகப் புகையை அளந்திருக்கிறார்கள்.

புகை என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். விறகில் தீ பிடித்ததும் முதலில் ஈரம் ஆவியாகும். அப்புறம் சூட்டில் கட்டையிலிருந்து வாயுக்கள் கிளம்பும். சுவாலை என்று நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கரி தணலாகக் கனலும். நடுவில் காற்றோ சூடோ போதாமல் எரியாமல் தப்பிய வாயுவும் துகளும்தான் புகை. ஆக, கண்ணை எரிக்கிற ஒவ்வொரு மூச்சும் நாம் தலையில் சுமந்து வந்த விறகில் ஒரு பங்கு. ஈர விறகை வைத்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பவள் அந்தச் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கிறாள்.

மண் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி சுவருக்கும் கூரைக்கும் நம் முகத்துக்கும். இதை வைத்து நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். கேஸ் கிலோவுக்கு 46 மெகாஜூல், காய்ந்த விறகு கிலோவுக்கு 16. கேஸ் அடுப்பு 60 சதவீதச் சூட்டைப் பாத்திரத்தில் சேர்க்கும் என்று வைத்துக்கொண்டால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குப் பழைய மண் அடுப்பில் சுமார் 200 கிலோ விறகு வேண்டும். நன்றாகக் கட்டிய புகைபோக்கி அடுப்பு 25 சதவீதம் கொடுத்தால் 100 கிலோ போதும். இண்டக்சன் 85 சதவீதம் என்றால் 128 யூனிட் மின்சாரம்.

இருநூறு கிலோவை எண்ணாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. தலைச்சுமையாகப் பார்த்தால் தெரியும். ஒரு சுமை இருபது கிலோ என்றால் பத்து நடை. வெட்ட வேண்டும், பிளக்க வேண்டும், மழைக்கு முன் கொட்டகையில் அடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. சிவகங்கை, இராமநாதபுரச் சீமையில் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேல் தானாக மண்டிக் கிடக்கிறது, வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது, நின்று எரிகிறது. அதனால் இங்கே விறகு எரித்தால் காடு அழியும் என்ற வாதம் அவ்வளவாக எடுபடாது. கூடவே தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி. ஆனால் முள்ளை வெட்டும் ஆள் வேண்டும். வெட்டிக்கொடுத்த பெரியவருக்கு இப்போது முடியவில்லை, அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விறகு இருக்கிறது, வெட்டிக் கொண்டுவரும் கைதான் இல்லை.

அடுத்து நாங்கள் பார்த்தது, புகையைக் குழாய் வழியாக வெளியேற்றும் புகையில்லா அடுப்பு. 1980-களில் மத்திய அரசு நாடு முழுவதும் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்த்ரா ஒலெ' என்ற மூன்று கண் அடுப்பை உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான். கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. எங்கள் வீட்டிலும் நான் பள்ளியில் படிக்கும்போது அப்படி ஒன்று கட்டினார்கள். கட்டியவர் குழாயைக் கூரைக்கு மேல் தூக்காமல் ஓட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். இறவாணத்தில் முட்டிய புகை மொத்தமும் திரும்ப உள்ளே வந்தது. ஒரு வருடம் கழித்துக் குழாயில் கரி அடைத்துக்கொண்டது, துடைக்க வழி விடவில்லை. ஆத்தா அதை உடைத்துவிட்டுப் பழைய கொடி அடுப்பையே மறுபடி போட்டாள். பல ஊர்களில் இப்படித்தான் நடந்தது. அடுப்பின் தத்துவத்தில் கோளாறு இல்லை. கட்டும் விதத்திலும், கட்டியபின் பராமரிக்கச் சொல்லித்தர ஆளில்லாததிலும்தான் கோளாறு.

புகையைக் குறைக்கும் இன்னொரு வழி ராக்கெட் அடுப்பு. 1980-களில் லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. விறகு வைக்கும் வழி படுக்கையாக, எரியும் குழல் செங்குத்தாக, 'ட' எழுத்தைப் போல இருக்கும். குழலைச் சுற்றிச் சூட்டைக் கடத்தாத பொருளை நிரப்புவதால் உள்ளே வெப்பம் ஏறி, புகையாகத் தப்பும் வாயுவும் எரிந்துவிடுகிறது. அதற்கு உமிச் சாம்பல் அருமையான பொருள், இங்கே அரிசி ஆலைக்குப் பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். சுள்ளி, முள் விறகு போதும், பெருங்கட்டை வேண்டாம். குறை ஒன்றுதான்: வாய் சிறியது, ஓயாமல் சுள்ளியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விறகைத் தள்ளிவிட்டு இன்னொரு வேலை பார்க்கும் ஆத்தாவின் பழக்கத்துக்கு அது ஒத்துவராது.

கேஸைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2016-இல் மத்திய அரசின் கேஸ் இணைப்புத் திட்டமான உஜ்வலா வந்தபின் இல்லாத வீடு குறைவு. காலையில் நாலரை மணிக்குத் தீக்குச்சி உரசியதும் காபி என்பது பெண்களுக்குக் கிடைத்த எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, ஈர விறகோடு மல்லுக்கட்டியவள் சொன்னால்தான் புரியும். தமிழ்நாடும் சேர்ந்த நான்கு நாட்டு ஆய்வு ஒன்றில் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கேஸ் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. ஆகவே கேஸ் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. புகை குறையும், அதில் சந்தேகமில்லை.

பழைய வீட்டில் கேஸ் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். நம் அடுப்படிகளில் சன்னல் உயரத்தில் இருக்கும், வாசல்படியும் உயரம். கசிந்த கேஸ் தொட்டியில் நின்ற தண்ணீர் போலத் தேங்கிவிடும். தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு அடி அகலத்துக்குக் கம்பி போட்ட துளை விடச் சொல்லுங்கள். இதை நாங்களாகக் கேட்டுத்தான் கொத்தனார் வைத்தார்.

இண்டக்சனில் தம்பிக்கு ரொம்ப நம்பிக்கை. புகையும் இல்லை, சுவாலையும் இல்லை, வயதானவர்கள் சேலைத் தலைப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் எங்கள் பாத்திர அறையைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? அடி குவிந்த இருப்புச்சட்டி, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, கல்சட்டி, மண்சட்டி, பித்தளைத் தவலை. இண்டக்சனுக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும், காந்தம் ஒட்ட வேண்டும். இவற்றில் ஒன்று கூட அதில் வேலைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பது சாதகம். ஆனால் முழுச் சமையலையும் அதற்கு மாற்றினால், என் கணக்குப்படி மாதம் ஒரு சிலிண்டர் ஆகும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 256 யூனிட் கூடும். ஏசி, மோட்டாரோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்ச, வெந்நீர் போட, இட்லிக்கு: இதற்கு ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு மேல் வேண்டாம்.

சாண எரிவாயு கேட்க ஆசையாக இருந்தது. இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். நான்கைந்து மாடு கட்டியிருப்பவர்கள் யோசிக்காமல் போடலாம், கழிவும் நல்ல உரம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பசு.

கரி அடுப்பைச் சமையலுக்கு வைக்கலாமா என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். புகை தெரியாது, ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு வரும். திறந்த வெளியில் மட்டும்தான். மழைக்காலக் குளிருக்கு அறைக்குள் தணல் சட்டி வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் பார்த்தபின் நாங்கள் எடுத்த முடிவு: அடுப்படிக்குள் கேஸ், பக்கத்தில் சின்னதாக ஒரு இண்டக்சன். விறகடுப்பு வீட்டுக்குள் கிடையாது. பின்கட்டில் கிணற்றை ஒட்டிய தாழ்வாரத்தில், மூன்று பக்கம் திறந்த இடத்தில், புகைபோக்கியோடு இரண்டு கண் அடுப்பு.

ஆத்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுப்பை வெளியே வைக்கிறது வீட்டுக்கு ஆகுமாத்தா?" என்றாள். கூரைத் தேக்கும் பனங்கையும் இத்தனை வருடம் பூச்சி அரிக்காமல் நின்றது புகையால்தானே என்றும் கேட்டாள். அதில் உண்மை இருக்கிறது, புகை பட்ட மரத்தில் பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் மரத்துக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் பூசிக்கொள்ளலாம். அவள் நெஞ்சுக்கு என்ன பூசுவது? நான் அப்படிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "பெரிய கண்ணு கிழக்கே பார்த்து இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்துதான் வேலை நகர்ந்தது.

எல்லாருக்கும் இதே பதில் பொருந்தாது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பூட்டைத் திறக்கும் வீடாக இருந்தால் நிரந்தரமாக மண் அடுப்பு கட்ட வேண்டாம். பூட்டிய வீட்டில் அது மழையில் ஊறி, எலி குடைந்து கிடக்கும். செங்கல் அடுக்கிப் போடும் தற்காலிக அடுப்பே போதும். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் விருந்தினருக்கு அறை விடுபவர்கள் தினசரிச் சமையலுக்கு வணிகச் சிலிண்டர்தான் வைத்தாக வேண்டும், விறகடுப்பில் ஒன்றிரண்டு பதார்த்தம் செய்து காட்டலாம். அதைச் சமைப்பவருக்குப் புகை படாமல் கட்டிக்கொடுங்கள், வந்தவர் ரசிக்க ஒருவர் கண் எரிய வேண்டியதில்லை. வேறு வழியில்லாமல் விறகை நம்பியே இருக்கும் வீடு என்றால், முதல் செலவு புகைபோக்கிக்கு. மேடை டைல்ஸ் எல்லாம் பிறகு.

கட்டும்போது நாங்கள் பார்த்துக்கொண்டவை சில. குழாய் ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று சொல்லி, தகரக் குழாயாகப் போட்டோம். திருப்பம் செங்கோணமாக இல்லாமல் சாய்வாக, கூரை முகட்டுக்கு மேல் இரண்டு அடி. மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அது இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் பனங்கை தீப்பிடிக்கும். அடியில் கரி தள்ளக் கையளவு கதவு, மாதம் ஒருமுறை கயிற்றில் தேங்காய் நார் கட்டி இழுக்க. ஆடி மேல்காற்று அடுப்பு வாயில் அடிக்காமல் மேற்கே மட்டும் நான்கு அடிச் சுவர். விறகு வாய்க்கு அடியில் கம்பிச் சல்லடை, சாம்பல் கீழே விழுந்து காற்று மேலேற. உயரம் ஒன்றே கால் அடி: ஆத்தாவால் இனிக் குத்துக்காலிட்டு உட்கார முடியாது, முக்காலியில் உட்கார்ந்தால் விறகு கைக்கு எட்டுகிற அளவு.

மண் மட்டும் அவள் பொறுப்பு. கண்மாய்க் கரைப் புற்றுமண்ணை அள்ளிவரச் சொல்லி, சலித்து, வைக்கோல் துணுக்கும் சாணமும் போட்டு மூன்று நாள் புளிக்கவைத்தாள். கொத்தனார் செங்கல் வைத்து முடித்ததும் குமிழ் மூன்றையும் தானே உருட்டி வைத்தாள். கட்டை விரலால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி அழுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்பத்தா அப்படித்தான் செய்வார்கள் என்றாள்.

கட்டி இன்றைக்கு ஒன்பது நாள். நிழலிலேயே காய்கிறது. காலையில் வெடிப்பு விட்ட இடங்களில் சாணமும் மண்ணும் கரைத்துப் பூசினாள். இன்னும் இரண்டு வாரம் போனால் ஈரம் போக நாலைந்து சுள்ளி மட்டும் எரித்துப் பார்க்க வேண்டும், அப்புறம் மறுநாள் பால். முக்காலி இப்போதே அங்கே போய்விட்டது.